முதலெழுத்து ஒன்றானால் முடிசூடலாமா?

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. மறைந்துபோன என் தாயாரின் பெயரையே குழந்தைக்குச் சூட்டுவதென்று அங்கும் இங்குமாக எல்லோரும் பேசி முடிவெடுத்திருந்தோம். மங்கையற்கரசி என்பது அம்மாவின் முழுப்பெயர். கனடாவில் அதனை உச்சரிக்கப் பலரும் சிரமப்படுவார்கள் என்பதால் மங்கை என்று சுருக்கியிருந்தோம்.

"மாமா, பெயரை மாத்த வேண்டி வரும்போல கிடக்கு" என்றாள்.

காரணம் கேட்டேன். அவளுடைய மாமியார் வீட்டினர் அங்குள்ள எண்சோதிடர் ஒருவரிடம் சென்றிருக்கிறார்கள். கனடாவில் நம்மவர் பலர் தகப்பனின் பெயரையே பிள்ளையின் கடைசிப் பெயராகப் பதிகிறார்கள். தகப்பனின் பெயர் ஆங்கில எழுத்தான 'எஸ்' இல் தொடங்குகிறது. ஆகவே பிள்ளையின் பெயரும் 'எஸ்' இல் தொடங்க வேண்டுமாம். முதற்பெயரும் கடைசிப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் பிள்ளை உலகப் புகழ் பெறுமாம். ஆதாரமாக அவர் ஒரு பட்டியலையும் கொடுத்திருக்கிறார். மர்லின் மன்றோ, சார்ளி சப்ளின், கிறேற்றா கார்போ, சிமோன் சிக்னோரே, ஹரி ஹூடினி, றொனால்ட் றேகன். ஏதோ ஒரு பத்திரிகைத் துணுக்கிலிருந்து எடுக்கப்பட்ட பட்டியல் என்பது கேட்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

"நீங்கள் பேப்பர்காரர்தானே மாமா, இது உண்மையோ?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால், அத்தகைய பட்டியலொன்றை நானும் எழுதியவன்.

தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் உதவி ஆசிரியனாக இருந்தேன். பக்கம் மூடும் நேரத்தில் ஏதாவதொரு மூலையில் நான்கு அங்குல இடம் வெறுமையாகக் கிடக்கும். வரவேண்டிய விளம்பரம் வந்திராது. அந்த இடத்தை நிரப்புவதற்கென்றே துணுக்குகளை முன்கூட்டியே எழுதி மேசை லாச்சியில் வைத்திருப்போம். அப்படி ஓர் இரவில் நான் லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்த துணுக்குக்கு 'இரட்டை எழுத்து இராசிக்காரர்கள்' என்று தலைப்பிட்டிருந்தேன். மன்றோ அதில் இருந்தார். சப்ளினும் இருந்தார். பட்டியலில் இருந்த ஒரு பெயரும் பொய்யல்ல. தலைப்பிலிருந்த 'இராசி' என்ற ஒரு சொல்தான் பொய். அந்தப் பொய்க்கு நான் ஒரு சதமேனும் ஆதாரம் தேடவில்லை. அடுத்த வாரம் வாசகர் கடிதங்கள் வந்தன. தங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, இவையும் இராசியானவையா என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் சிரித்துவிட்டு அவற்றை ஒதுக்கிவைத்தோம்.

இன்று அந்தச் சிரிப்புக்கு விலை கேட்கப்படுகிறது. என் தாயாரின் பெயரே அந்த விலை. ஆகவே இந்தப் பட்டியலை இப்போதாவது ஒழுங்காக ஆராய்வது என் கடமை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இத்தகைய பட்டியல் போடுபவர் பொருந்துபவர்களை மாத்திரம் பொறுக்கி எடுக்கிறார். பொருந்தாதவர்களை அவர் எண்ணுவதேயில்லை. வில்லியம் சேக்ஸ்பியர், ஐசாக் நியூட்டன், ஆபிரகாம் லிங்கன், மேரி கியூரி, அல்பேர்ட் ஐன்ஸ்டைன், நெல்சன் மண்டேலா ஆகிய எவருக்கும் முதலெழுத்தும் கடைசிப் பெயரின் எழுத்தும் ஆங்கிலத்தில் ஒன்றல்ல. அவர்களுடைய புகழுக்கு என்ன குறை? ஆங்கில எழுத்துகள் 26. எல்லா எழுத்துகளும் பெயர்களில் சம அளவில் வருமாயின், தற்செயலாகவே 26 பேரில் ஒருவருக்கு இரண்டு எழுத்துகளும் ஒன்றாக அமையும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர். சில எழுத்துகளில் பெயர்கள் மிகுதியாக இருப்பதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் கூடலாம். உலகின் பிரபலங்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களிலிருந்து பொறுக்கினால் பட்டியல் எவ்வளவு நீளமாகவும் போகும். அந்த நீளம் எதனையும் நிரூபிப்பதில்லை.

எவரும் பொறுக்கி எடுக்க முடியாத, மூடிய பட்டியலொன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஜனாதிபதிகளின் பட்டியல் அத்தகையது. ஜோர்ஜ் வாஷிங்டன் முதல் டொனால்ட் ட்ரம்ப் வரை அந்தப் பதவியை வகித்தவர்கள் 45 பேர். அவர்களில் இரட்டை எழுத்துக்காரர்கள் நால்வர்: வூட்றோ வில்சன், கல்வின் கூலிட்ஜ், ஹேர்பேர்ட் ஹூவர், றொனால்ட் றேகன். நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது. சோதிடர் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார். அவர் சற்றுப் பொறுக்க வேண்டும். வில்சனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் தோமஸ் வூட்றோ வில்சன். கூலிட்ஜுக்கு இட்ட பெயர் ஜோன் கல்வின் கூலிட்ஜ். இருவரும் வளர்ந்தபின் முதற்பெயரை விட்டுவிட்டார்கள். பிறப்புப் பெயரின்படி இரட்டை எழுத்துக்காரர்கள் ஹூவரும் றேகனும் மாத்திரமே. 45 பேரில் இருவர் என்றால் நூற்றுக்கு நான்கைச் சற்றுத் தாண்டும். தற்செயல் எவ்வளவு கொடுக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். எழுத்து தன் பங்குக்கு எதனையும் கூட்டிக் கொடுக்கவில்லை.

சரி, அந்த நால்வருக்கும் எழுத்து என்ன செய்தது? றேகன் 1984 இல் 50 மாநிலங்களில் 49 ஐ வென்றார். ஹூவர் 1928 இல் பெரும் வெற்றி பெற்றுப் பதவியேற்றார். 1929 ஒக்ரோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வேலையும் வீடும் இழந்தவர்கள் தகரத்தாலும் அட்டையாலும் கட்டிய குடிசைக் குடியிருப்புகளுக்கு மக்கள் 'ஹூவர் ஊர்' என்றே பெயர் வைத்தார்கள். 1932 இல் அவர் படுதோல்வியடைந்தார். ஒரே விதமான பெயரமைப்பு ஒருவருக்கு 49 மாநிலங்களைக் கொடுத்தது, மற்றவருக்குக் குடிசைகளைக் கொடுத்தது என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? வில்சன் 1919 இல் பக்கவாதத்தால் வீழ்ந்தார். அவர் கனவு கண்ட சர்வதேச சங்கத்தில் அவருடைய நாடே சேரவில்லை.

கூலிட்ஜின் கதைதான் என்னை அதிகம் வருத்துவது. அவருடைய இளைய மகனுக்கும் கல்வின் கூலிட்ஜ் என்றே பெயர். தகப்பன் வெள்ளை மாளிகையில் இருந்தபோது, 1924 இல், அந்தப் பையன் காலுறை அணியாமல் டென்னிஸ் விளையாடினான். காலில் கொப்புளம் ஒன்று உண்டாகி அதனூடாக இரத்தம் நஞ்சாகியது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் அன்று இல்லை. சில நாட்களில் இறந்துபோனான். வயது 16. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ஒரே எழுத்துகள், ஒரே வீடு. எழுத்துக்குக் காக்கும் சக்தி இருந்திருந்தால் அந்த வீட்டில் அது இரட்டிப்பாக இருந்திருக்க வேண்டும்.

சப்ளின் குடும்பமும் இதனையே சொல்கிறது. நடிகர் சப்ளினின் தகப்பனுக்கும் சார்ள்ஸ் சப்ளின் என்றே பெயர். அவரும் மேடைப் பாடகர். குடியினால் உடல் கெட்டு, 1901 இல், நாற்பது வயதை எட்டாமலே இறந்தார். மகன் ஏழு வயதில் இலண்டனில் ஏழைகளை அடைத்து வேலைவாங்கும் விடுதிக்குப் போனான். தாய் மனநோயால் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அந்த மகன்தான் பின்னர் உலகையே சிரிக்க வைத்தவர். அவருடைய மகனுக்கும் அதே பெயர் வைக்கப்பட்டது. அவரும் நடிக்க வந்தார். 1968 இல் 42 வயதில் இறந்தார். இன்று அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று தலைமுறை, ஒரே பெயர். நடுவிலிருந்தவரை உயர்த்தியது எழுத்தென்றால், முன்னும் பின்னும் இருந்தவர்களிடம் அந்த எழுத்து எங்கே போயிற்று?

கார்போவின் கதை இன்னும் எளிது. ஸ்ரொக்ஹோமில் 1905 இல் அவர் பிறந்தபோதே பெயர் கிறேற்றா குஸ்தாவ்சன். ஆங்கில எழுத்தில் 'ஜீ' யும் 'ஜீ' யும். முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர்களின் முகத்துக்குச் சவர்க்கார நுரை பூசியபோதும், பின்னர் பெருங்கடையொன்றில் தொப்பி விற்றபோதும் அவரிடம் அதே இரண்டு எழுத்துகள்தான் இருந்தன.

படித்தவர்கள் சிலர் இவ்விடத்தில் ஆராய்ச்சிகளைக் காட்டுவார்கள். ஆராய்ச்சிகள் உண்டு, மறுக்கவில்லை. 1985 இல் பெல்ஜிய உளவியலாளர் யோசெப் நுட்டின், மனிதர்கள் தங்கள் பெயரிலுள்ள எழுத்துகளை மற்ற எழுத்துகளைவிட அதிகம் விரும்புகிறார்கள் என்று காட்டினார். அது விருப்பத்தைப் பற்றிய முடிவு, விதியைப் பற்றியதல்ல. 2002 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் மேலும் ஒருபடி சென்றார்கள். டெனிஸ் என்ற பெயருடையவர்கள் பல் வைத்தியர்களாக வரும் வாய்ப்பு அதிகம், இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே விதமாகத் தொடங்குவதே காரணம் என்றார்கள். பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. 2011 இல் ஊரி சைமன்சோன் என்ற ஆய்வாளர் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தார். சட்டத்தரணிகளிடையேயும் டெனிஸ்கள் அதிகமாகவே இருந்தார்கள். குறித்த ஒரு காலத்தில் அந்தப் பெயர் பரவலாக வைக்கப்பட்டது. அந்த வயதினர் எல்லாத் தொழில்களிலும் நிறைந்திருந்தார்கள். அவ்வளவுதான் விடயம். மறுப்பைப் பெரிய எழுத்தில் போட்ட பத்திரிகை எதனையும் நான் பார்க்கவில்லை. மறுப்பு துணுக்குக்கு உதவாது.

இனி எழுத்துக்கே வருவோம். எந்த மொழியின் எழுத்து என்று இந்தச் சோதிடர்களை யாரும் கேட்பதில்லை. ஜெமினி கணேசன் ஆங்கிலத்தில் எழுதினால் இரட்டை எழுத்துக்காரர். தமிழில் எழுதினால் 'ஜெ' யும் 'க' வும். அந்த 'ஜெமினி' யும் அவர் வேலைபார்த்த படப்பிடிப்பு நிலையத்தின் பெயர்தான். பிரெஞ்சு நடிகை அனூக் எமேக்கு ரோமன் எழுத்தில் இரண்டும் 'ஏ'. தமிழில் 'அ' வும் 'எ' யும். மறுபுறம், டொனால்ட் ட்ரம்புக்கு ஆங்கிலத்தில் 'டி' யும் 'ரி' யும். தமிழில் இரண்டும் டகரம். போரிஸ் பாஸ்டர்நாக்குக்கு ருஷ்ய மொழியில் இரண்டு வேறு எழுத்துகள். தமிழில் இரண்டும் பகரம். 1958 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது சோவியத் அரசின் நெருக்குதலால் அதனை மறுக்க நேர்ந்தது. தமிழில் எழுதியிருந்தால் பரிசை வாங்கியிருப்பாரா? கேட்கவே நகைப்பாக இருக்கிறது. ஆனால் சோதிடரின் விதியை ஏற்றுக்கொண்டால் இந்த நகைப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

நம்மவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவே நம் மரபில் இல்லை. தகப்பனின் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். நம் பெயர் பின்னால் வரும். அந்த முறைப்படி பார்த்தால் க. கைலாசபதி இரட்டை எழுத்துக்காரர். அவருடைய தகப்பனார் கனகசபாபதி. இளம் வயதிலேயே தினகரன் ஆசிரியர். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். 1968 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய வீரயுகக் கவிதை ஆய்வு இன்றும் படிக்கப்படுகிறது. 1982 இல், ஐம்பது வயதாகுமுன் இறந்துபோனார். அவருடைய கருத்துகளோடு உடன்படாதவர்கள்கூட அவருடைய படிப்பையும் உழைப்பையும் மறுக்கமாட்டார்கள். ககரத்தில் தொடங்கும் தகப்பனுக்குக் ககரத்தில் தொடங்கும் பிள்ளை பிறந்த வீடுகள் நம் ஊர்களில் எத்தனை எத்தனை! அத்தனை வீடுகளிலும் கைலாசபதிகள் பிறக்கவில்லை.

அப்படியானால் ஹொலிவூட்காரர்கள் ஏன் இத்தகைய பெயர்களை விரும்பினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ் படித்தவனுக்கு விடை தெரியும். நாம் அதனை மோனை என்கிறோம். முதலெழுத்து ஒன்றி வந்தால் சொல் காதில் தங்கும், நாவில் ஓடும், நினைவில் நிற்கும். யாப்பிலக்கணம் இதற்கு நுட்பமான விதிகளே வகுத்திருக்கிறது. ககரத்துக்குக் கா, கை, கௌ இனமாகும். கி, கீ, கெ, கே ஓர் இனம். மகரத்துக்கு வகரமும் இனம். அந்த இலக்கணப்படி மர்லின் மன்றோவுக்கு மோனை உண்டு, கிறேற்றா கார்போவுக்கு இல்லை. மோனை அமைந்த சொல்லுக்குச் செல்வம் சேரும் என்று எந்த இலக்கண ஆசிரியரும் எழுதிவைக்கவில்லை. செய்திக்குத் தலைப்பிடும்போது நாங்கள் நாள்தோறும் மோனை தேடுகிறோம். இந்தக் கட்டுரையின் தலைப்பிலும் மோனை உண்டு. அதனால் இது சிறந்த கட்டுரையாகிவிடாது.

ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீ இதனை ஒளிவுமறைவின்றிச் சொன்னவர். பீட்டர் பார்க்கர், புரூஸ் பேனர், ரீட் ரிச்சர்ட்ஸ் என்று அவர் வைத்த பெயர்கள் தம்முடைய நினைவுக்கு வசதியாக வைக்கப்பட்டவை என்றார். ஒரு பெயர் நினைவுக்கு வந்தால் மற்றதன் முதலெழுத்தும் வந்துவிடும். அதுவும் எப்போதும் உதவவில்லை. 1964 இல் ஒரு கதையில் புரூஸ் பேனரை பொப் பேனர் என்று எழுதிவிட்டார். எழுத்து நினைவிலிருந்தது, பெயர் மறந்துபோயிற்று. பிறகு அந்தப் பாத்திரத்தின் முழுப்பெயர் றொபேர்ட் புரூஸ் பேனர் என்று சொல்லிச் சமாளித்தார்கள். இரட்டை எழுத்தின் இரகசியம் முழுவதும் இந்தச் சிறு சம்பவத்துக்குள் அடங்கிவிடுகிறது. அது ஞாபகக்குறி. அதற்குமேல் ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது கணக்கும் இலக்கணமும். இனிச் சொல்வதற்காகத்தான் இதனை எழுத உட்கார்ந்தேன்.

பட்டியலில் எழுத்தை மாத்திரம் காட்டும்போது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோகிறது. மர்லின் மன்றோவின் பிறப்புப் பெயர் நோர்மா ஜீன் மோட்டன்சன். தகப்பனை அறியாத பிள்ளை. தாய்க்கு மனநோய். அநாதை விடுதியிலும் பிறர் வீடுகளிலுமாக வளர்ந்தவர். 1946 இல் படப்பிடிப்பு நிறுவனமொன்று அவரை ஒப்பந்தம் செய்தபோது, நிறுவன அதிகாரி ஒருவர் மர்லின் என்ற பெயரைச் சொன்னார். மர்லின் மில்லர் என்ற மேடை நடிகையின் நினைவாகச் சொன்ன பெயர் அது. அந்த மில்லரும் இரட்டை எழுத்துக்காரரே. 1936 இல் 37 வயதில் இறந்தவர். இரண்டாவது பெயரான மன்றோ எங்கிருந்து வந்தது? அது தாயின் கன்னிக் குடும்பப் பெயர். மனநோய் விடுதிக்குள் அடைபட்டிருந்த அந்தத் தாயிடமிருந்து மகள் தன்னோடு எடுத்துவந்த ஒரே சொத்து அது என்றே நான் நினைக்கிறேன். 1962 இல், 36 வயதில், அவரும் இறந்தார். இராசியான பெயரென்று நான் துணுக்கு எழுதியது இந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

சிமோன் சிக்னோரேயின் பிறப்புப் பெயர் சிமோன் காமின்கர். தகப்பன் யூதர். 1940 இல் ஜேர்மனியர் பிரான்ஸை ஆக்கிரமித்தார்கள். தகப்பன் இலண்டனுக்குச் சென்றுவிட்டார். யூதப் பெயரோடு பாரிஸில் நடமாடுவதே ஆபத்தான காலம். அந்த இளம் பெண் தகப்பனின் பெயரை மறைத்து, தாயின் குடும்பப் பெயரான சிக்னோரே என்பதை எடுத்துக்கொண்டு சினிமாவில் சிறு வேடங்களில் நடித்தார். போர் முடிந்தது. 1960 இல் ஒஸ்கார் பரிசு பெற்றார். எழுத்து ஒன்றியது தற்செயல். பெயர் மாறியது உயிரச்சத்தால்.

பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும் நாட்கள் எப்படியிருக்கும் என்பதை இலங்கைத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் தெற்கில் வாகனங்களை மறித்துப் பெயர் கேட்டார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். சிங்களச் சொற்களைச் சொல்லச் சொல்லி உச்சரிப்பைக் கவனித்தார்கள். வேறு பெயர் சொல்லித் தப்பியவர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவ்வாறு உயிரோடு பிணைந்த ஒன்றை அதிர்ஷ்டச் சீட்டின் இலக்கம்போல் நடத்த நமக்கு எப்படி மனம் வருகிறது?

'நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நட்டம்?' என்று சிலர் கேட்பார்கள். நட்டம் உண்டு. அந்தச் சோதிடர் வாங்கிய கட்டணம் சிறிய நட்டம். பிள்ளை படித்து, உழைத்து முன்னேறினால் எழுத்துக்குப் பெருமை. தடுக்கி விழுந்தால், பெயர் வைத்த தாய்மீது பழி. இது பெரிய நட்டம். அத்தோடு, தமிழ்ப் பிள்ளையின் தலைவிதியை ஆங்கில எழுத்துக் கூட்டலில் தேடுகிறோம். ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுக்கும் முறையைப் பரப்பியவர் அயர்லாந்தில் பிறந்த கீரோ. அதுவும் அவருடைய பிறப்புப் பெயரல்ல. வில்லியம் ஜோன் வார்னர் என்பவர் தொழிலுக்காக வைத்துக்கொண்ட பெயர். அவருடைய எண்களைக் கொண்டு பெயரில் ஒரு 'ஏ' யைக் கூட்டியும் ஒரு 'எச்' சைக் குறைத்தும் நம்மவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

சோதிடர் கொடுத்த பட்டியலில் ஹூடினியும் இருந்தார் அல்லவா? அவர் புடாபெஸ்ட்டில் 1874 இல் யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிறப்புப் பெயர் எரிக் வைஸ். தாம் வியந்து படித்த ரொபேர்-ஹூடின் என்ற பிரெஞ்சு மாயவித்தைக்காரரின் பெயரிலிருந்து ஹூடினி என்பதை அமைத்துக்கொண்டார். ஆவிகளுடன் பேசுவதாகச் சொல்லிப் பணம் பறித்தவர்களை ஊர் ஊராகச் சென்று அம்பலப்படுத்தினார். 1926 இல், தலைநகர் வாஷிங்டனில் பணத்துக்குக் குறிசொல்வதைத் தடைசெய்யும் சட்டமூலத்துக்கு ஆதரவாக அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் நேரிலே சாட்சியமளித்தார். அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் அவர் இறந்தார். குறிசொல்வோரை எதிர்த்து வாதாடிய மனிதரை, குறிசொல்லும் ஒருவர் தமது பட்டியலில் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பட்டியலுக்குப் பெயர்கள் போதும், வாழ்க்கைகள் தேவையில்லை.

இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. மன்றோவையும் சிக்னோரேயையும் மாத்திரம் மருமகளுக்குச் சொன்னேன். "அந்தப் பட்டியலில நீ பார்க்கிற எழுத்து இரண்டு பேருக்கும் தாய்வழியாக வந்த எழுத்து, பிள்ளை. தாய்வழிப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டவர்களைக் காட்டி, உன்னுடைய தாய்வழிப் பெயரை விடச் சொல்லுகினம்" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டது. "இவரோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் மாமா" என்று வைத்துவிட்டாள்.

முடிவு அவர்களுடையது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை பெற்றவர்களுக்குரியது. கடல்கடந்து இருந்துகொண்டு கட்டளையிட எனக்கு அதிகாரமில்லை. மங்கை என்ற பெயர் பிடிக்கவில்லை என்றால் வேறு பெயர் வைக்கட்டும். 'எஸ்' இல் தொடங்கும் அழகிய பெயர்கள் தமிழில் ஏராளம். பிடித்து வைத்தால் எனக்கும் மகிழ்ச்சியே. பயந்து வைக்கக்கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். இதனை எழுதும்வரை பெயர் பதியப்படவில்லை.

என் பங்குக்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் தவறு நேர்ந்தால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போட வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்தார்கள். நான் முப்பது ஆண்டுகள் தாமதித்துவிட்டேன். அந்தப் பக்கம் இன்று என் கையில் இல்லாததால் இங்கேயே போடுகிறேன்.

திருத்தம்: 'இரட்டை எழுத்து இராசிக்காரர்கள்' என்ற தலைப்பில் தொண்ணூறுகளில் நான் எழுதிய துணுக்கின் தலைப்பு தவறானது. அது 'முதலெழுத்து ஒன்றாக அமைந்த சிலர்' என்றிருந்திருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன். தங்கள் பிள்ளைகளின் பெயர்கள் இராசியானவையா என்று அன்று கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு: உங்கள் பிள்ளைகளின் பெயர்கள் நல்ல பெயர்களே. அவற்றை மாற்ற வேண்டியதில்லை.